பருத்தி யாரைக் கடித்தது?

"அம்மா, எனக்குக் காட்டன் துணியே ஒத்துக்கலை. இனிமே பாலியெஸ்டர்தான்!"

போன மாசி மாசம் என் மகன் சென்னையிலிருந்து போனில் இப்படிச் சொன்னபோது, நான் ஓட்டப்பிடாரத்தில் அண்ணன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பருத்தியில் செத்தை பொறுக்கிக் கொண்டிருந்தேன். பக்கத்தில் அம்மா. போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லார் காதிலும் விழுந்துவிட்டது.

அம்மாவுக்கு எண்பத்தி நாலு வயசு. ஐப்பசியில் விதை ஊன்றி, மாசி பங்குனியில் மடி கட்டிப் பருத்தி எடுத்து, பருத்திமாரை எரித்தே சோறு பொங்கி எங்களை வளர்த்தவள். கையிலிருந்த சுளையைக் கீழே போட்டுவிட்டு, "பருத்தி யாரைக் கடிச்சிருக்கு? அவன் என்ன சொல்லுதான்?" என்று கேட்டாள். அண்ணன் முகம் சுண்டிவிட்டது. "கரிசக்காட்டுல பெறந்த பயலுக்குப் பருத்தி ஒத்துக்கலையாமே!" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அந்தச் சட்டைகளை வாங்கிக் கொடுத்தவளே நான்தான்.

ஆறு சட்டைகள். மகனுக்கு வேலை கிடைத்துச் சென்னைக்குக் கிளம்பிய சமயம். நாலு பேரோடு அறை எடுத்துத் தங்குகிற பையன் தினமும் இஸ்திரி போடுவானா? அவன் அப்பாவுக்கும் அவனுக்குமாக முப்பது வருஷம் ஞாயிற்றுக்கிழமை ராத்திரிகளை இஸ்திரிப் பெட்டியோடு கழித்த எனக்கு, கடைக்காரர் சட்டையின் ஒரு முனையைக் கையில் கசக்கி விரித்துக் காட்டியதும் வாயெல்லாம் பல். ஒரு சுருக்கம் இல்லை! 'நூறு சதவீதம் காட்டன், ரிங்கிள் ஃப்ரீ' என்று அட்டையில் போட்டிருந்தது. கடையின் பெயர் இங்கே வேண்டாம். இந்த மாதிரிச் சட்டை விற்காத கடை இன்று எது?

வீட்டுக்கு வந்து உறையைப் பிரித்தபோது குப்பென்று ஒரு காரமான வாடை வந்தது. 'புதுத் துணி வாசனை' என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் அத்தனை வருஷம் கெமிஸ்ட்ரி நடத்தியவள் நான். ஆய்வகத்தில் தவளையைப் போட்டு வைத்திருக்கும் பாட்டிலைத் திறந்தால் கண்ணைக் கரிக்குமே, அதே வாடைதான். பாடத்தில் வந்தால் கண்டுபிடித்திருப்பேன். சொந்த வீட்டில் வந்ததும் மூக்கு மறந்துவிட்டது. துவைக்காமலேயே நாலு சட்டையைப் பெட்டியில் அடுக்கி அனுப்பினேன்.

ஒரு மாதத்தில் அவன் கழுத்துப் பட்டை உரசுகிற இடம் சிவந்தது. பிறகு முழங்கை மடிப்பு, அக்குளைச் சுற்றி. வியர்க்கிற இடம், துணி இறுக்கிப் பிடிக்கிற இடமாகப் பார்த்துத் தடித்து அரித்தது. முதலில் வேர்க்குரு என்றான். பிறகு சோப்பை மாற்றினான். மருந்துக் கடையில் தானாக ஒரு களிம்பு வாங்கித் தடவினான்; தடவினால் அடங்கும், விட்டால் திரும்பும். கடைசியில் அவனே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டான்: காட்டன் ஒத்துக்கவில்லை!

நான் அடுத்த வாரமே சென்னைக்குப் போய்த் தோல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். அந்த அம்மாள் முதலில் தழும்புகளைப் பார்க்கவில்லை, "எந்தச் சட்டை போட்டா வருது? பழைய சட்டைக்கு வருதா?" என்றுதான் கேட்டார். யோசித்துப் பார்த்தால், வீட்டில் போடும் பழைய காட்டன் பனியனுக்கும் கைலிக்கும் ஒன்றுமே ஆகவில்லை. முதுகில் இருபது சொச்சம் மருந்துப் பொட்டுகளை ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்தார்கள்; அதற்கு இரண்டு நாள் கழித்து இன்னொரு தரம். 'பேட்ச் டெஸ்ட்' என்று பெயர். ஒரே ஒரு பொட்டு மட்டும் ரத்தச் சிவப்பாகத் தடித்திருந்தது. ஃபார்மால்டிஹைடு!

பருத்தி கடிக்கவில்லை. பருத்திக்கு மேல் ஏற்றியிருந்தது கடித்திருக்கிறது.

அது ஏன் துணிக்குள் வந்தது என்பது புரிய வேண்டுமானால், பருத்தி ஏன் கசங்குகிறது என்பதில் தொடங்க வேண்டும். கொஞ்சம் பாடம் நடத்துகிறேன், பொறுத்துக் கொள்ளுங்கள்.

பருத்தி இழையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் செல்லுலோஸ். அது வேறொன்றுமில்லை, குளுக்கோஸ் என்ற சர்க்கரை மணிகளை ஆயிரக்கணக்கில் கோத்த நீளமான மாலை. ஒவ்வொரு மணியிலும் மூன்று சின்னக் கொக்கிகள் உண்டு. ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த இந்தக் கொக்கிக்கு ஹைட்ராக்ஸில் என்று பெயர். பக்கத்துப் பக்கத்து மாலைகள் இந்தக் கொக்கிகளால் ஒன்றை ஒன்று லேசாகப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. லேசான பிடிதான், பள்ளிக்கூடப் பிள்ளைகள் கை கோத்து நிற்பது போல.

தண்ணீரும் அதே சாதிக் கொக்கி உள்ளது. ஆகையால் தண்ணீர் உள்ளே வந்ததும் மாலைகள் பக்கத்து வீட்டுக் கையை விட்டுவிட்டுத் தண்ணீரின் கையைப் பிடித்துக்கொள்கின்றன. அந்த நேரம் பார்த்து நாம் உட்காருகிறோம், முழங்கையை மடக்குகிறோம், வாளியில் போட்டு முறுக்குகிறோம். பிடி விட்ட மாலைகள் நழுவி இடம் மாறுகின்றன. பிறகு வியர்வையோ ஈரமோ காய்கிறது. தண்ணீர் போனதும் அந்தந்த மாலை, எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடத்திலேயே பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொள்கிறது. சுருக்கம் நிலைத்துவிட்டது! தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டால்தான் மடிப்பு போகிறது என்று நம் அம்மாக்களுக்குத் தெரியுமே, காரணம் இதுதான். தண்ணீர் பழைய பிடியை விடுவிக்கிறது. பெட்டியின் சூடும் கனமும் மாலைகளை நேராக்கி, அப்படியே காய வைத்துப் புதுப் பிடியைப் போட்டுவிடுகிறது.

பாலியெஸ்டரில் இந்தக் கொக்கிகள் இல்லை. சாதாரண ஈரக் காற்றில் நூறு கிலோ உலர்ந்த பருத்தி எட்டரைக் கிலோ தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் அரைக் கிலோகூட வைத்துக்கொள்ளாது. அது கசங்காது, ஆனால் நம் ஊர்ச் சித்திரை வெயிலில் போட்டுப் பாருங்கள்! வியர்வையைக் குடித்துக்கொள்கிற குணமும், கசங்குகிற குணமும் பருத்திக்கு ஒரே கொக்கியிலிருந்து வந்தவை. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இன்னொன்றை எப்படித் தள்ளுவது?

நம் வீட்டு வழி கஞ்சி. வடித்த கஞ்சியில் புடவையை முக்கி எடுத்தால் மொடமொடவென்று நிற்கிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. சோற்றுக் கஞ்சியில் இருக்கும் ஸ்டார்ச்சும் குளுக்கோஸ் மணி மாலைதான். மணிகளைக் கோத்திருக்கும் விதம் மட்டும் வேறே. கஞ்சியும் துணியும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கஞ்சி மாலைகளைக் கட்டிப் போடுவதில்லை. சுற்றிப் பூசிக்கொண்டு விறைப்பாக நிற்கிறது, அவ்வளவுதான். உட்கார்ந்தால் உடைந்து மடியும், அடுத்த துவைப்பில் கரைந்து போய்விடும். யார் உடம்பையும் கெடுத்ததில்லை என்பது அதன் பெருமை.

நிரந்தரமாகக் கசங்காமல் இருக்க வேண்டுமானால், மாலைக்கும் மாலைக்கும் நடுவில் ஒரு உறுதியான பாலம் போட வேண்டும். பந்தக்கால்களுக்குக் குறுக்கே கம்பு வைத்துக் கட்டினால் பந்தல் சாயாமல் நிற்கிறதல்லவா, அதுபோல. தண்ணீர் வந்தாலும் அந்தக் கட்டு அவிழாது. மடக்கினாலும் மாலைகள் பழைய இடத்துக்கே திரும்பி வந்துவிடும்.

இதை முதலில் செய்து காட்டியவர்கள் மான்செஸ்டர்காரர்கள். எங்கள் ஜில்லாப் பருத்தி 'டின்னவெல்லி' என்ற வியாபாரப் பெயரோடு தூத்துக்குடியில் கப்பலேறிய காலம் ஒன்று இருந்தது. மில்காரர்களுக்கும் இந்த மண்ணுக்கும் உள்ள வழக்கு பழையது. ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி. 1908இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். அது வேறு கதை. டூட்டல் பிராட்ஹர்ஸ்ட் லீ என்ற மான்செஸ்டர் கம்பெனியின் ரசாயனக்காரர்கள், பட்டும் கம்பளியும் கசங்காமல் இருக்கப் பருத்தி மட்டும் கசங்குகிறதே என்று ஆராய்ந்து, 1926இல் ஒரு முறைக்குக் காப்புரிமை கேட்டார்கள். யூரியாவையும் ஃபார்மால்டிஹைடையும் சேர்த்துத் துணிக்குள் ஏற்றிச் சூடு காட்டுவது அந்த முறை. ஆமாம், அண்ணன் மிளகாய்ச் செடிக்கு வைக்கிற அதே யூரியாதான்!

பிறகு வந்தது நைலான், பாலியெஸ்டர் யுகம். டெரிலின் சட்டை நம் ஊருக்கு வந்தபோது கரிசல்காட்டுக்காரர்கள் வயிற்றில் புளி கரைத்ததுபோல, அமெரிக்காவிலும் பருத்தி விவசாயிகள் கலங்கிப் போனார்கள். அவர்களைக் காப்பாற்ற அரசாங்கத்தின் நியூ ஆர்லியன்ஸ் ஆராய்ச்சிச் சாலையில் ஒரு படையே வேலை செய்தது. அதில் ஒருவர் ரூத் பெனரிட்டோ. 1916இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்து, பதினைந்து வயசிலேயே கல்லூரியில் சேர்ந்தவர். 1953இல் அந்த ஆராய்ச்சிச் சாலைக்கு வந்தார். கொரியப் போரில் காயம்பட்டவர்களுக்கு ரத்தக் குழாய் வழியாகக் கொழுப்புச் சத்து ஏற்றும் முறையில் ஈடுபட்டவர், அதன் பிறகு பருத்திக்குப் பாலம் கட்டுவதில் இறங்கினார். மொத்தம் 55 காப்புரிமைகள். 'வாஷ் அண்ட் வேர்' துணியின் தாய் என்று பத்திரிகைகள் கொண்டாடினால், "நான் மட்டும் இல்லை, எத்தனையோ பேர் உழைத்தார்கள்" என்று சொல்லிவிடுவாராம். 2013இல் தமது 97ஆம் வயதில் காலமானார். இஸ்திரிப் பெட்டியின் பிடியிலிருந்து உலகத்துப் பெண்களுக்குக் கொஞ்சம் விடுதலை வாங்கித் தந்தவர்களில் இந்த அம்மாளுக்கு முக்கியமான இடம் உண்டு. நம் பாடப் புத்தகங்களில் பெயரைக் காணோம்!

மில்களில் கடைசியில் நிலைத்தது ஒரு பிசின். யூரியா, கிளையாக்ஸால், ஃபார்மால்டிஹைடு மூன்றும் சேர்ந்தது. மலிவு. நன்றாகப் பாலம் போடும். ஐம்பது துவைப்பு துவைத்தாலும் போகாது. ஒரே ஒரு குறை. பாலம் போட்டது போக மிஞ்சிய ஃபார்மால்டிஹைடு துணியில் தங்கிவிடும். போதாததற்கு, சூடும் ஈரமும் பட்டால் பிசினே கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து புதிதாகவும் வெளிவிடும். சூடு, ஈரம். நம் ஊர் வெயில், நம் உடம்பு வியர்வை. வேறென்ன வேண்டும்?

ஃபார்மால்டிஹைடைத் தண்ணீரில் கரைத்தால் ஃபார்மலின். 2018இல் கேரளத்தில் ஃபார்மலின் போட்ட மீன் லாரி லாரியாகப் பிடிபட்டதே, நினைவிருக்கிறதா? மீன் வாங்கவே பயந்தோம். அந்தச் சாமானின் சிறு அளவைத்தான் சட்டையாகவும் தலையணை உறையாகவும் வாங்கி வருகிறோம்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று முதல் வரிசையில் வைத்தது உண்மைதான். ஆனால் அது முக்கியமாக மூச்சில் இழுப்பவர்களைப் பற்றியது. நாள் முழுக்க அந்தத் துணியை வெட்டித் தைக்கிற பெண்களுக்கு அந்தக் கவலை நியாயமானது. அமெரிக்காவில் மூன்று ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த பதினோராயிரத்துச் சொச்சம் பேரை அரசாங்க ஆய்வாளர்கள் பல்லாண்டு பின்தொடர்ந்து, ஒருவகை ரத்தப் புற்றுநோய்ச் சாவு எதிர்பார்த்ததைவிட அதிகம் என்று கண்டார்கள். அந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் பெண்கள். சட்டை போட்டுக்கொள்கிறவர்களுக்கு வருவது பெரும்பாலும் தோல் ஒவ்வாமைதான். எல்லாருக்கும் வராது. ஆனால் ஒருமுறை உடம்பு அதை எதிரியாகப் பதிந்துகொண்டால் ஆயுசுக்கும் மறக்காது என்றார் டாக்டரம்மா. அதைக் கேட்டபோதுதான் எனக்கு நெஞ்சு திக்கென்றது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரியை மிச்சம் பிடிக்கப் போய், பிள்ளை உடம்பில் ஆயுள் கணக்கு ஒன்று எழுதி வைத்துவிட்டேனே!

"ஷாம்பூ, கிரீம் வாங்கும்போதும் பார்த்து வாங்குங்க. கெட்டுப்போகாம இருக்கச் சேர்க்கிற சில மருந்துங்க இதையே வெளிவிடும்" என்று ஒரு காகிதத்தில் பெயர்களை எழுதிக் கொடுத்தார். பாலியெஸ்டருக்கு மாறட்டுமா என்று மகன் கேட்டதற்குச் சிரித்துவிட்டார். பாலியெஸ்டருக்குப் போடுகிற சாயம் ஒத்துக்கொள்ளாமல் வருகிறவர்கள் வேறு வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்களாம். காட்டன் கலந்த டெரிகாட்டனிலும் இந்தப் பிசின் இருக்கலாம்.

சரி, விஷம் இல்லாமல் பாலம் கட்டவே முடியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதைத்தான் தேடினேன். பதில் நம் அடுக்களையிலேயே பாதி இருக்கிறது.

எலுமிச்சம்பழப் புளிப்புக்குக் காரணம் சிட்ரிக் அமிலம். அந்த அமிலத்துக்கு மூன்று 'கைகள்'. கார்பாக்ஸில் என்பது புத்தகப் பெயர். சூடு காட்டினால் பக்கத்துப் பக்கத்துக் கைகள் இரண்டு ஒன்றோடொன்று கோத்து, ஒரு துளித் தண்ணீரை உதறிவிட்டு வளையமாகின்றன. இந்த வளையம் துடிப்பானது. பருத்தியின் கொக்கியைக் கண்டதும் பாய்ந்து பிடித்துக்கொள்ளும். பிடித்தபின் ஒரு கை விடுதலையாகி, மிச்சமிருக்கும் கையோடு சேர்ந்து மறுபடி வளையமாகி, அடுத்த மாலையின் கொக்கியைப் பிடிக்கும். பாலம் தயார்! ஃபார்மால்டிஹைடு ஒரு சொட்டும் வேண்டாம். புளியில் இருக்கும் டார்ட்டாரிக் அமிலத்துக்கு இரண்டே கைகள். ஒருமுறை பிடித்ததோடு சரி, இரண்டாம் வளையத்துக்குக் கை இல்லை. அதனால் பாலம் சரியாக அமையாது. கை ஜாஸ்தி இருந்தால் வேலை நன்றாக நடக்கும்.

நியூ ஆர்லியன்ஸின் அதே ஆராய்ச்சிச் சாலையில் கிளார்க் வெல்ச் என்பவர் நாலு கை அமிலம் ஒன்றை எடுத்துக்கொண்டார். பியூட்டேன் டெட்ராகார்பாக்ஸிலிக் அமிலம் என்று நீளமான பெயர், சுருக்கமாக பி.டி.சி.ஏ. அதோடு சோடியம் ஹைப்போபாஸ்பைட் என்ற உப்பைக் கிரியா ஊக்கியாகச் சேர்த்தபோது, பிசினுக்கு நிகராகத் துணி கசங்காமல் நின்றது, துவைப்பும் தாங்கியது. 1988இல் இந்த முடிவை வெளியிட்டார். அமிலங்களை வைத்து முயற்சி செய்வது 1960களிலேயே தொடங்கியதுதான். சரியான உப்பு அமையாததால் முன்னேறாமல் கிடந்தது. சமையலில்கூட அப்படித்தானே!

பிறகு ஏன் எல்லாச் சட்டையும் அப்படி வருவதில்லை? விலை. பி.டி.சி.ஏ. பழைய பிசினைவிடப் பல மடங்கு விலை. அந்த உப்பு சில சாயங்களின் நிறத்தை மாற்றிவிடும். அதில் பாஸ்பரஸ் இருப்பதால் கழிவு நீரில் போனால் குளத்தில் பாசி பிடிக்க வைக்கும். சிட்ரிக் அமிலம் மலிவுதான், ஆனால் அந்தச் சூட்டில் அதுவே உருமாறி வெள்ளைத் துணியை மஞ்சளாக்கிவிடும். கிளையாக்ஸாலையும் வேறொரு யூரியா வகையையும் சேர்த்து ஃபார்மால்டிஹைடு இல்லாத பிசினும் உண்டு. அது விலையும் கூட, பிடிப்பும் சற்றுக் குறைவு. இத்தனைக்கும் மேலே ஒன்று: எந்தப் பாலமானாலும் இழையின் நெகிழ்வைக் குறைத்துவிடும். சாயாத பந்தல் பெருங்காற்றில் வளைந்து கொடுக்காமல் முறிவது போல, கசங்காத துணி மூன்றில் ஒரு பங்கு பலத்தை, சிலசமயம் பாதியைக்கூட இழந்துவிடுகிறது. அந்தச் சட்டைகளில் காலர் விளிம்பும் கை மடிப்பும் சீக்கிரம் நைந்து போவதைக் கவனித்திருப்பீர்கள்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. எலுமிச்சம்பழம் பிழிந்து துணியில் தெளித்து இஸ்திரி போட்டுப் பார்க்கலாம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்! என் தோழி ஒருத்தி கேட்டேவிட்டாள். மில்லில் அளந்து நனைத்து, பிழிந்து, காயவைத்து, 160 முதல் 180 டிகிரிச் சூட்டில் ஓரிரு நிமிஷம் வைத்து எடுக்கிற வேலை அது. வீட்டில் செய்தால் அமிலம் இழையை அரித்து, துணி மஞ்சளாகிப் பொத்தலாவதுதான் மிச்சம்.

சட்டம் என்ன சொல்கிறது? ஜப்பான் 1973லேயே விழித்துக்கொண்டது. இரண்டு வயசுக்கு உட்பட்ட குழந்தைகளின் துணியில் பத்து லட்சத்தில் 16 பங்குக்கு மேல் ஃபார்மால்டிஹைடு கூடாது, பெரியவர்கள் உள்ளாடையில் 75க்கு மேல் கூடாது என்று வரம்பு போட்டது. ஐரோப்பாவில் ஓகோ-டெக்ஸ் என்ற தரச் சான்றும், மேலே படுகிற துணிக்கு அதே 75 என்று வைத்திருக்கிறது. அமெரிக்காவில் 2010இல் அரசாங்கத் தணிக்கை அலுவலகம் கடைகளில் வாங்கிய 180 சாமான்களைச் சோதித்ததில் பத்து மட்டும் அந்த வரம்பைத் தாண்டின. முன்னைவிட மில்கள் எவ்வளவோ குறைத்துவிட்டன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பத்தில் ஒன்று நம் வீட்டுக்கு வந்தால்?

நான் இப்போது கடையில் செய்வதைச் சொல்கிறேன். காட்டன் என்று எடுத்துக் கொடுத்தால், ஒரு முனையைக் கைக்குள் வைத்துப் பத்து எண்ணும் வரை இறுக்கிப் பிடித்து விடுகிறேன். அன்று மயங்கிய அதே வித்தைதான், அர்த்தம்தான் மாறிவிட்டது. சுத்தப் பருத்தி கசங்கியே தீர வேண்டும். கசங்கவில்லையென்றால் ஏதோ ஏற்றியிருக்கிறது. 'ஈஸி கேர்', 'நோ அயர்ன்', 'ரிங்கிள் ஃப்ரீ' எல்லாம் ஒரே குடும்பம். ஓகோ-டெக்ஸ் முத்திரையோ, ஃபார்மால்டிஹைடு இல்லை என்ற வாசகமோ அட்டையில் இருக்கிறதா என்று கேட்கிறேன். பாதிக் கடையில் முழிக்கிறார்கள். கேட்கக் கேட்கத்தான் மேலே போய்ச் சேரும்.

எந்தப் புதுத் துணியானாலும் முதலில் சோப்புப் போட்டு அலசி, காற்றாட வெயிலில் உலர்த்திவிட்டுத்தான் போட வேண்டும். ஒட்டாமல் மிஞ்சி நிற்கும் ஃபார்மால்டிஹைடில் பெரும் பகுதி முதல் துவைப்பிலேயே போய்விடும். இரண்டு தரம் துவைத்தால் இன்னும் நல்லது. பிசினிலிருந்து பின்னால் வருவதைத் துவைப்பு நிறுத்தாது. ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவர்கள் அந்தத் துணியையே விட வேண்டியதுதான். தீபாவளிக்கு வாங்கியதை உறையோடு பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். கைக்குழந்தைக்கு மட்டும் கசங்காத துணியும் கசங்காத படுக்கை விரிப்பும் வேண்டவே வேண்டாம். குழந்தை கசங்கிய துணியில் படுத்தால் யார் என்ன சொல்லப் போகிறார்கள்? நம் ஊரில் பழைய சேலையைக் கிழித்துத் தூளி கட்டியவர்களுக்கு ரசாயனம் தெரியாது. நூறு தரம் துவைத்த துணி என்பது மட்டும் தெரியும்.

அண்ணனிடம் இதையெல்லாம் விளக்கிச் சொல்ல ஒரு சாயங்காலம் முழுக்க ஆயிற்று. கோவில்பட்டியில் பருத்தி ஆராய்ச்சிப் பண்ணை இருக்கிறதே, 1901இல் தொடங்கியது, அங்கே வெளியிட்ட கருங்கண்ணி விதைகளைத்தான் அப்பா காலத்திலிருந்து எங்கள் காட்டில் போட்டார்கள். மழையை மட்டும் நம்பி நிற்கிற செடி. "நாங்க தந்தது சுத்தம்தாம்மா. நடுவுல எவன் என்ன பூசுனான்னு நாங்க என்ன கண்டோம்?" என்றார் அண்ணன். பிறகு மருமகனுக்குத் தானே போன் போட்டு, "ஏலே, மாமா பேசுதேன். ஒனக்குக் கைத்தறி வேட்டித் துணியில நாலு சட்டை தைச்சு அனுப்புதேன். கசங்கத்தான் செய்யும். கசங்கட்டும்" என்று சொல்லிவிட்டு வைத்தார். மதினி அளவு கேட்கக்கூட விடவில்லை.

மகன் இப்போது அவற்றைத்தான் போடுகிறான். களிம்பை நிறுத்தி நாலு மாதமாகிறது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அறை நண்பர்கள் நாலு பேரும் முறை வைத்து இஸ்திரி போடுகிறார்களாம். அவன் அப்பா ஒரு நாளும் அந்தப் பெட்டியைத் தொட்டதில்லை!

அந்த ஆறு சட்டைகள்தான் மிச்சம். யாருக்காவது கொடுக்க மனசு வரவில்லை. நமக்கு ஆகாததை இன்னொருத்தர் பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பது? ஓட்டப்பிடாரத்துக்கு எடுத்துப் போனேன். அண்ணன் ஒன்றை வாங்கிக்கொண்டு போய்க் கம்மங்காட்டுப் பொம்மைக்கு மாட்டிவிட்டார். கார்த்திகையில் நாலு நாள் அடைமழை. மழை விட்டு வெயிலடித்த அன்று நானும் அம்மாவும் போய்ப் பார்த்தோம். தலைச்சட்டி சாய்ந்து, வைக்கோல் கை தொங்கி, பொம்மை சேறாகி நின்றது. சட்டையில் மட்டும் ஒரு சுருக்கம் இல்லை.

"அய்யா ஆபீசுக்குப் பொறப்பட்டுட்டாரு" என்றாள் அம்மா.